குறூஸ் கப்பலுக்குப் போத்தில் கொண்டு போறவைக்கு: யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிடுறவைக்கு ஒரு முழு வழிகாட்டி

மாமா சாரத்துக்குள்ள சுத்தி வைச்ச அரைப்போத்தில் சாராயம் எக்ஸ்றே மெசினுக்குள்ள பளிச்செண்டு தெரிஞ்ச நேரம், நாங்கள் எல்லாரும் மேல்தட்டில நிண்டு ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தம். பின்னேரம் எல்லாற்றை பெட்டியும் கபின் வாசலுக்கு வந்திட்டுது, மாமாவின்ரை மட்டும் வரேல்லை. ஏழு மணிபோல கதவுக்குக் கீழால ஒரு துண்டு வந்திது, கீழ்த்தட்டுக்கு வரட்டாம். போய்ப் பாத்தா ஒரு சின்ன அறைக்கு முன்னால பதினைஞ்சு இருவது பேர், எல்லாம் வயசுபோன ஆக்கள், பிறின்சிப்பலின்ர கந்தோர் வாசலில பிடிபட்ட பெடியள் நிக்கிற மாதிரித் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கினம். மாமா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது அந்தப் பக்கத்தில நிக்கிறது எப்பிடி இருக்குமெண்டு.

நாங்கள் போனது ரொரன்ரோவில இருக்கிற அத்தான் எடுத்துத் தந்த ஏழு நாள் பயணம், புளோரிடாவில போட் லோடர்டேலில ஏறி கரீபியன் பக்கம் சுத்திப்போட்டு அங்கையே வந்து இறங்கிறது. கப்பலின்ர பேர் வேண்டாம், பிழை எங்களிலதான். இப்ப கனடா லண்டனில இருக்கிற பிள்ளையள் அம்மா அப்பாவை இப்பிடிக் கூட்டிக்கொண்டு போறது கூடிப்போச்சு, எங்கட காங்கேசன்துறைக்கே 2023 ஜூனில எம்பிரஸ் எண்ட குறூஸ் கப்பல் சென்னையில இருந்து வந்து போச்சுது, அதால என்னட்டை ஆராவது வந்து "தம்பி, கப்பலுக்கு என்ன கொண்டு போகலாம்" எண்டு கேக்காத மாதம் இல்லை. ஒவ்வொருத்தருக்கும் போனில சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோச்சு, இந்தா எல்லாத்தையும் ஒரேயடியா எழுதிவிடுறன்.

(நாகபட்டினத்துக்குப் போற சிவகங்கை கப்பலை இதோட சேத்துக் குழப்பாதேங்கோ. அது ஃபெரி, கொஞ்ச மணித்தியாலப் பயணம், அதில பாக்கிறது பெட்டியின்ர கிலோவை. இது வேற கதை.)

முதல் வேலை: உங்கட கப்பல் எந்தக் கொம்பனி எண்டு பாருங்கோ

எல்லாக் கப்பலுக்கும் ஒரே சட்டம் எண்டு நினைக்கிறதுதான் முதல் பிழை. ஒரு கொம்பனி விடுறதை மற்றது விடாது. நான் பாத்து வைச்சிருக்கிறதைச் சொல்லுறன், ஆனா இவை அடிக்கடி மாத்துற ஆக்கள், வெளிக்கிட ஒரு கிழமைக்கு முதல் கொம்பனியின்ர வெப்சைற்றில ஒருக்காப் பாருங்கோ, புக் பண்ணின ஏஜென்ற் சொன்னவர் எண்டு நம்பிக்கொண்டு போகாதேங்கோ.

றோயல் கரீபியனில குடிக்கிற வயசு வந்த ஒராளுக்கு ஒரு 750 மில்லி வைன் இல்லாட்டி சம்பெய்ன் போத்தில், ஏறுற நாள் மட்டும். கார்னிவலும் அதேதான், 21 வயசுக்கு மேல ஒராளுக்கு ஒண்டு. பிறின்சஸில ஒராளுக்கு ஒரு போத்தில் சும்மா கொண்டு போகலாம், அதுக்கு மேல கொண்டு போறதெண்டா ஒவ்வொண்டுக்கும் காசு. நோர்வீஜியன் கொஞ்சம் விசித்திரம், எத்தினை வைன் போத்திலெண்டாலும் கொண்டு வாங்கோ எண்டுவினம், ஆனா ஒவ்வொரு போத்திலுக்கும் ஏறும்போதே மூடி திறக்கிற காசு கட்டவேணும், காட்போட் பெட்டியில வாற வைன் ஏலாது. டிஸ்னியில ஒராளுக்கு ரெண்டு வைன் இல்லாட்டி ஆறு பியர் விடுறது, அதுவும் ஏறுற நாளில மட்டுமில்லை, ஒவ்வொரு துறைமுகத்திலயும். வைக்கிங் கப்பலில கொண்டு வாறதைக் கபினிலயோ சாப்பாட்டு மேசையிலயோ வைச்சுக் குடிக்கலாம், ஒரு சதமும் கேக்காயினம், ஆனா அந்த ரிக்கெற் விலைக்கு எங்கட ஊரில பரப்புக் காணி வாங்கலாம்.

கவனிச்சனீங்களோ, பெரும்பாலும் வைன்தான். வைக்கிங்கை விட்டா, சாராயம், விஸ்கி, பிரண்டி, ரம் ஒண்டும் இந்தப் பெரிய கப்பல்களில விடாயினம். மாமாவுக்கு இது விளங்கவே இல்லை. "ரெண்டும் குடிதானே, வைன் குடிச்சா மட்டும் வெறிக்காதோ" எண்டு கேட்டார். விசயம் வெறியில்லை மாமா, வியாபாரம். கப்பலில டிக்கெற் காசோட பாரில வாற லாபத்தையும் பெரிசாப் பாப்பினம், வைன் விடுறது ஒரு மரியாதைக்கு.

வயசு விசயத்தில ஒரு சொல். அமெரிக்காவில ஏறுற கப்பலில 21. ஐரோப்பாவில, அவுஸ்திரேலியாவில இருந்து வெளிக்கிடுற கனக்கக் கப்பலில 18. எங்கட நாட்டிலயும் வாங்கிற வயசு 21தான், ஆனா ஊரில உதை ஆர் பாக்கினம், அங்கை பாப்பினம். பாஸ்போட்டில இருக்கிற வயசைப் பாத்துத்தான் கணக்கு, 19 வயசு மகனின்ர பங்குக்கும் ஒரு போத்தில் எண்டு கொண்டு போனா அது போச்சுது.

ரெண்டாவது: எங்க வாங்கிறது

என்ர புத்தியைக் கேட்டா ஊரில இருந்து ஒரு துளியும் கொண்டு போகாதேங்கோ, ஏறுறதுக்கு முதல் நாள் அந்த ஊரிலயே வாங்குங்கோ. புளோரிடாவில பப்ளிக்ஸ் மாதிரி சுப்பர்மாக்கெற்றிலயே வைன் விக்குது. வாங்கேக்க தக்கை மூடி வேண்டாம், திருகு மூடி உள்ளதாப் பாத்து வாங்குங்கோ. தக்கையெண்டா திறக்கிற சாமான் வேணும், அதில சின்னக் கத்தி இருந்தா செக்கியூரிற்றியில அதையும் பறிச்சாலும் பறிப்பாங்கள், பிறகு றூம் பாக்கிற பெடியனைத் தேடி அலையவேணும்.

இல்லை, சாராயம்தான் வேணும், ரொரன்ரோ அத்தானுக்குக் குடுக்க ஊர்ச்சாமான் இல்லாமப் போறது மரியாதையில்லை எண்டு நிக்கிறவைக்கு: பிளேனுக்கு இதுதான் சட்டம். கைப்பைக்குள்ள 100 மில்லிக்கு மேல எந்தத் தண்ணிச் சாமானும் ஏலாது. பெரிய பெட்டிக்குள்ள 24 வீதத்தில இருந்து 70 வீதம் வரைக்கும் உள்ள மதுவெண்டா ஒராளுக்கு 5 லீற்றர், கடையில விக்கிற மாதிரி சீல் உடையாமல். 24க்குக் கீழ உள்ளதுக்கு, வைன் பியர் மாதிரிச் சாமானுக்கு, அந்த 5 லீற்றர் கட்டுப்பாடு இல்லை, ஆனா இறங்கிற நாட்டுக் கஸ்ரம்ஸ் இருக்கு. கட்டுநாயக்காவில டியூட்டி ஃப்றீயில வாங்கினா அந்தச் சீல் போட்ட பையை இடையில உடைக்காதேங்கோ. அமெரிக்காவுக்குப் போறவை முதல் இறங்கிற ஏயார்போட்டிலயே பெரிய பெட்டியை எடுத்துத் திருப்பிக் குடுக்கவேணும், அந்த இடத்தில போத்திலைப் பெரிய பெட்டிக்குள்ள மாத்திப் போடுங்கோ, சீல் உடைஞ்ச பையை அடுத்த பிளேனுக்குக் கையில கொண்டு போகலாமெண்டு நினைச்சா குப்பைத்தொட்டிதான்.

கள்ளுப் பற்றிக் கேட்டவையும் இருக்கினம், சிரிக்காதேங்கோ. பனங்கள்ளு போத்திலுக்குள்ளயும் நொதிச்சுக்கொண்டுதான் இருக்கும், இறுக்கி மூடினா வெடிக்கும், மூடாட்டி சூட்கேஸ் முழுக்க மணக்கும், சீல் இல்லாத எதுவும் கப்பலுக்குள்ளயும் போகாது. வீட்டில போட்ட வைனும் அப்பிடித்தான், எவ்வளவு நல்லா இருந்தாலும் லேபல் இல்லாட்டி ஏலாது.

மூண்டாவது: எந்தப் பைக்குள்ள வைக்கிறது

இதைத்தான் நாங்கள் கோட்டை விட்டது. துறைமுகத்தில இறங்கின உடன ஒரு போட்டர் வந்து பெரிய பெட்டியளை வாங்கிக்கொண்டு போவார், அது எக்ஸ்றே எல்லாம் தாண்டி பின்னேரம்தான் கபினுக்கு வரும். அந்தப் பெட்டிக்குள்ள போத்தில் இருக்கக் கூடாது. விட்ட அளவு வைனெண்டாலும் கையில தூக்கிற பைக்குள்ள வைச்சு, நீங்களே கொண்டுபோய்க் காட்டவேணும். பெட்டிக்குள்ள போத்தில் தெரிஞ்சா பெட்டியை நிப்பாட்டிப்போட்டு உங்களைக் கூப்பிடுவினம், உங்கட கண்ணுக்கு முன்னால திறப்பினம், அந்த லைனில நிண்ட எல்லாரும் உங்கட உள்ளுடுப்பைப் பாத்து முடிய ஒரு மணித்தியாலம் போயிடும், இரவுச் சாப்பாட்டுக்கு மாத்த உடுப்பும் அதுக்குள்ளதான்.

மாமாவுக்குக் கிடைச்சது ஒரு சின்ன ரசீது. கபின் நம்பர், ஒரு போத்தில், கடைசி இரவு திருப்பித் தரப்படும். அவர் அந்தத் துண்டை ஏழு நாளும் சேட்டுப் பொக்கெற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சவர், அடகுக்கடைத் துண்டு மாதிரி.

எல்லாரும் திருப்பித் தருவினம் எண்டில்லை. சில கொம்பனி எடுத்து ஊத்திவிடும். ஒளிச்சுக் கொண்டு போறதுக்கெண்டே பிளாஸ்ரிக் பை விக்கினம், வாய் கொப்பளிக்கிற மருந்துப் போத்திலுக்குள்ள நிறம் கலந்து ஊத்திற ஆக்களும் இருக்கினம். உந்த விளையாட்டு வேண்டாம். அந்தத் தந்திரமெல்லாம் அந்த மெசினுக்கு முன்னால இருக்கிறவனுக்கு உங்களைவிட நல்லாத் தெரியும், விதியை மீறினா கப்பலால இறக்கிவிடலாமெண்டு ரிக்கெற் ஒப்பந்தத்தில எழுதி வைச்சிருக்கினம். விசா எடுத்து வந்த ஆக்களுக்கு இடையில ஒரு தீவில இறக்கிவிட்டா என்ன நடக்குமெண்டு யோசிச்சுப் பாருங்கோ.

கபினுக்குள்ள வந்தாப் பிறகு

கொண்டு வந்த வைனைக் கபினுக்குள்ள குடிச்சா கேள்வியில்லை. சாப்பாட்டு மண்டபத்துக்கோ பாருக்கோ தூக்கிக்கொண்டு போனா கனக்கக் கப்பலில போத்திலுக்கு 15, 20 டொலர் மூடி திறக்கிற காசு எடுப்பினம். கோர்க்கேஜ் எண்டு சொல்லுறது. கிளாசில ஊத்தி எடுத்துக்கொண்டு போனா அனேகமா ஒருத்தரும் கேக்கிறேல்லை, அத்தான் அப்பிடித்தான் செய்தவர்.

கபின் ஃபிறிட்ஜுக்குள்ள இருக்கிற சின்னப் போத்திலுகளை விருந்தாளிக்கு வைச்சதெண்டு நினைச்சு எடுக்காதேங்கோ, ஒவ்வொண்டும் காசு. முதல் நாளே றூம் பாக்கிறவரிட்டைச் சொல்லி அதை வெறுமையாக்கிப்போட்டு உங்கட சாமானை வையுங்கோ. சில ஃபிறிட்ஜ் பேருக்குத்தான் ஃபிறிட்ஜ், மண்பானை அளவுக்குக்கூடக் குளிராது. ஐஸ் கேட்டா கொண்டு வந்து தருவினம்.

சோடா, தண்ணி

இதிலயும் ஆளுக்கொரு சட்டம். றோயல் கரீபியனில ஏறுற நாளில ஒரு கபினுக்கு 12 ரின் இல்லாட்டிச் சின்னப் போத்தில் விடுறது. கார்னிவலில ஒராளுக்கு 12, ஆனா ரின் இல்லாட்டி காட்போட் பெட்டி மட்டும்தான், ஒவ்வொண்டும் 355 மில்லிக்கு மேல போகக் கூடாது, போத்தில் கண்ணாடியெண்டாலும் பிளாஸ்ரிக்கெண்டாலும் 2015இல இருந்து இல்லை, தண்ணிப் போத்திலும் சேத்துத்தான். நோர்வீஜியனில சோடாவும் இல்லை, தண்ணியும் இல்லை. வெளிக்கிட முதல் ஸ்காபரோ தமிழ்க்கடையில பிள்ளையளுக்கெண்டு இஞ்சி பியர் 12 ரின் வாங்கி வைச்சம், நிறுத்துப் பாத்தா நாலு கிலோவுக்கு மேல, பெட்டியில அந்த நாலு கிலோவுக்கு வேற ஏதும் வைச்சிருக்கலாம் எண்டு மனுசி இண்டைக்கும் சொல்லிக் காட்டுறவ.

தண்ணி கொண்டு போகவே தேவையில்லை. கப்பலுக்குள்ள பைப்பில வாறது குடிக்கிற தண்ணி, கடல்தண்ணியில உப்பெடுத்தும் துறைமுகத்தில ஏத்தியும் குளோரின் போட்டுத் தருவினம். கிணத்துத் தண்ணியின்ர சவர் பழகின எங்கட நாக்குக்கு அது சப்பெண்டுதான் இருக்கும், வேற ஒண்டுமில்லை. வெறும் பிளாஸ்க் ஒண்டை ஆளுக்கொண்டாக் கொண்டு போங்கோ, வெறுமையா இருந்தா ஒருத்தரும் மறிக்காயினம்.

மருந்துக்கு, குழந்தைப்பிள்ளைப் பாலுக்கு, இரவில மூச்சு மெசின் போடுறவையின்ர காய்ச்சி வடிச்ச தண்ணிக்கு அனேகமான கொம்பனியில விலக்கு இருக்கு. அதை முதலே கொம்பனிக்கு எழுதி அறிவிச்சு, டொக்டரின்ர துண்டும் கையில வைச்சிருந்தாச் சுகம்.

அம்மாவின்ர கதையை இதிலதான் சொல்லவேணும். அவ தோலகட்டி நெல்லி ரசம் ஒரு போத்தில் ரொரன்ரோவுக்குக் கொண்டு வந்து, அதிலயும் பாதியை மிச்சம் பிடிச்சுக் கப்பலுக்குக் கைப்பைக்குள்ள வைச்சிட்டா. கண்ணாடி, பெரிசு, சீலும் உடைச்சது, மூண்டு பிழை ஒரு போத்திலில. அந்த ஒபிசர் தூக்கிப் பாக்க அம்மா சுத்தத் தமிழில சொல்லுறா, "தம்பி, இது குடியில்லையப்பன், நெல்லிக்காய்." அவன் மணந்து பாத்துப்போட்டுச் சிரிச்சான், ஆனா விடேல்லை. ஊத்திவிட்டாங்கள். அம்மா அண்டைக்கு மத்தியானம் சாப்பிடேல்லை.

உண்மையாக் கொண்டு போகவேண்டியது: தேயிலையும் மல்லியும்

இதை ஏன் ஒருத்தரும் எழுதிறேல்லை எண்டு எனக்கு விளங்கேல்லை. போத்தில் பற்றித்தான் எல்லாற்றை கவலையும், ஆனா மூண்டாம் நாள் காலமை எங்கட ஆக்கள் ஏங்கினது சாராயத்துக்கில்லை, ஒரு நல்ல தேத்தண்ணிக்கு. கப்பலில தேத்தண்ணி சும்மா கிடைக்கும், பையை முக்கி எடுத்தா மஞ்சள் தண்ணி, அதுக்குள்ள குளிர்ப்பால். மாமா அதைப் பாத்துப்போட்டு "இது குதிரை..." எண்டு தொடங்கினவர், பிள்ளையள் இருந்தபடியால நிப்பாட்டிட்டார்.

தண்ணியாப் போகாத எதுவும் இந்தச் சட்டங்களுக்குள்ள வராது. தேயிலை, கோப்பித்தூள், மல்லிக்கோப்பித்தூள், சுக்கு, பால்மா, நெஸ்ரமோல்ற், பனங்கட்டி, எல்லாம் கடையில சீல் பண்ணி லேபல் ஒட்டின பக்கெற்றா வாங்குங்கோ. வீட்டில வறுத்து இடிச்ச மல்லித்தூளை சொப்பிங் பையில முடிஞ்சு கொண்டு போனா, மண்ணிறத் தூள் ஒண்டு, பேரில்லை ஊரில்லை, அதுக்கு விளக்கம் குடுக்க இங்கிலிசு காணாது. அமெரிக்காவுக்குப் பறக்கிற பிளேனில 2018இல இருந்து 350 மில்லி அளவுக்கு மேல உள்ள தூள் கைப்பையில இருந்தாத் தனியாச் சோதிப்பினம், அதால பெரிய பெட்டிக்குள்ள வையுங்கோ. கஸ்ரம்ஸில சாப்பாட்டுச் சாமான் இருக்கெண்டு சொல்லுங்கோ, சொன்னாத் தண்டமில்லை, சொல்லாம விட்டாத்தான் தண்டம்.

கேத்தில் கொண்டு போகாதேங்கோ. சூடாக்கிற எந்த மின்சாரச் சாமானும் நெருப்புப் பயத்தில விடாயினம், எடுத்து வைச்சிடுவினம். பி அண்ட் ஓ, குனார்ட் மாதிரி இங்கிலாந்துக் கப்பலுகளில கபினுக்குள்ளயே கேத்தில் இருக்கும், வெள்ளைக்காரனுக்கும் தேத்தண்ணி இல்லாமச் சரிவராதுதானே. அமெரிக்கக் கப்பலில பஃபே மண்டபத்துச் சுடுதண்ணிப் பைப்தான் வழி.

அம்மா ரெண்டாம் நாளே ஒழுங்கு கண்டுபிடிச்சிட்டா. விடிய அஞ்சரைக்கு பிளாஸ்க்கோட போய் முதல் ஒருக்காச் சுடுதண்ணி ஊத்திக் கழுவி ஊத்திப்போட்டு, பிறகு நிரப்பிக்கொண்டு வந்து, கபினுக்குள்ள ரெண்டு கரண்டி தேயிலையைக் கோப்பையில போட்டு, மேல சோசர் மூடி, அஞ்சு நிமிசம் வைச்சு, கொண்டு வந்த சின்ன வடியில வடிச்சு, பனங்கட்டித் துண்டைக் கையில தந்தா. பல்கனியில நிண்டு கடிச்சுக் கடிச்சுக் குடிச்சம். அந்தப் பைப்புத் தண்ணி கொதிக்கிற சூடில்லை, அதால தேயிலை கொஞ்சம் கூடப் போடவேணும், டஸ்ற் தேயிலை நல்லாச் சாயம் விடும். மாமிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் தலை சுத்தினப்ப இஞ்சியும் மல்லியும் போட்டுக் குடுத்ததும் அந்த பிளாஸ்க்கிலதான்.

குடிக்கிற பக்கேஜ் எடுக்கிறதோ இல்லையோ

கணக்குப் போட்டுப் பாருங்கோ. ஒரு நாளைக்கு 80 டொலர் எண்டு வைப்பம், ரெண்டு பேர், ஏழு நாள், 1120. அதுக்கு மேல 18 வீதம் சேவைக்காசு போட்டா 1321 டொலர் 60 சதம். மனுசி குடிக்கிறேல்லை எண்டாலும் ஒரே கபினில இருக்கிற பெரியாக்கள் எல்லாரும் எடுக்கவேணும் எண்டது கனக்கக் கொம்பனியின்ர விதி, எங்கட வீடுகளுக்கு இது சரிவராத விசயம். கார்னிவலின்ர பக்கேஜில ஒரு நாளைக்கு 15 மதுவுக்கு மேல தராயினம், 15 குடிக்கிறவர் கப்பலுக்கு வரத் தேவையில்லை.

இப்ப மற்றப் பக்கம். 15 டொலர் வைன் ஒரு போத்தில் கையில கொண்டு போனா அஞ்சு கிளாஸ் வரும். அதே அஞ்சு கிளாஸ் பாரில 12 டொலர்ப்படி வாங்கினா 60, சேவைக்காசோட 70 டொலர் 80 சதம். மூடி திறக்கிற காசு 15 கட்டினாலும் 40 டொலர் மிச்சம். இடைக்கிடை ஒரு கிளாஸ் குடிக்கிற ஆக்களுக்கு ஆளுக்கொரு போத்தில் காணும், மிச்சத்துக்கு காலமை யூஸ், லெமனேட், ஐஸ் தேத்தண்ணி எல்லாம் அனேகமான கப்பலில பஃபேயில சும்மா.

துறைமுகத்தில வாங்கிறதும், கடைசி நாளும்

இடையில இறங்கிற தீவுகளில ரம் மலிவு, வாங்கலாம், ஆனா திரும்பி ஏறேக்க எக்ஸ்றேயில எடுத்து வைச்சுக்கொண்டு கடைசி இரவுதான் தருவினம். கப்பலுக்குள்ள இருக்கிற கடையில வாங்கினாலும் அப்பிடித்தான். ரசீதைத் துலைக்காதேங்கோ.

இதில ஒரு பொறி இருக்கு. கடைசி இரவு பெரிய பெட்டியைக் கபின் வாசலில வைச்சிடவேணும், காலமை துறைமுகத்திலதான் திரும்பக் காணுறது. போத்தில் வந்து சேருற நேரம் பெட்டி போயிருக்கும். அதால காலமை போத்திலைக் கையில தூக்கிக்கொண்டு இறங்கி, ஏயார்போட்டில பெட்டி குடுக்க முதல் அதுக்குள்ள வைக்கவேணும். பெட்டியில இடமும் சுத்த ஒரு சாரமும் முதலே ஒதுக்கி வையுங்கோ.

போற நாட்டுக் கணக்கையும் பாருங்கோ. அமெரிக்காவுக்குள்ள 21க்கு மேல ஒராளுக்கு 1 லீற்றர் வரியில்லாமல். கனடாவுக்கு 1.14 லீற்றர் சாராயவகை, இல்லாட்டி 1.5 லீற்றர் வைன், இல்லாட்டி 8.5 லீற்றர் பியர், மூண்டில ஒண்டுதான். இங்கிலாந்து தாராளம், 4 லீற்றர் சாராயவகை, அதோட 18 லீற்றர் வைனும்.

மாமாவின்ர அரைப்போத்தில் கடைசி இரவு பத்து மணிக்கு ஒரு பிலிப்பினோப் பெடியனோட கபினுக்கு வந்திது, கழுத்தில நம்பர்ச் சிட்டை கட்டி. கட்டுநாயக்காவில வாங்கி, ரொரன்ரோ வந்து, புளோரிடா போய், ஏழு நாள் கடலில சுத்தி, திரும்ப ரொரன்ரோ. அத்தான்ர பேஸ்மென்றில அதைத் திறக்கேக்க மாமா அந்தச் சிட்டையைக் கழட்ட விடேல்லை, போத்தில் முடிஞ்சு இண்டைக்கும் அந்தச் சிட்டையோட கொக்குவிலில அவற்றை அலுமாரிக்கு மேல இருக்கு, மாமி அதுக்குள்ள மணிப்பிளான்ற் வைச்சிருக்கிறா.